“இன்னும் ரெண்டு வருஷம் பொறு” என்று சொல்வதை நிறுத்துங்கள்



நீண்ட பதிவுதான். ஊரில் இருப்பவர்கள் கடைசிவரை வாசிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அவர்கள் தினமும் அனுபவிப்பதைத்தான் எழுதுகிறோம்.

கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ இருக்கும் நம் ஊர் ஆள் ஒருவர் போனில் “ஊர் ஞாபகமா இரிக்கி, வந்துட்டா நல்லம் போல இரிக்கி” என்று சொன்னால், இங்கிருந்து போகும் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “இப்ப வந்து என்னத்தச் செய்யப் போறீங்க? ஊட்டு வேலை இன்னும் முடியல்லியே. இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க.” ஆளுக்கு ஆள் சொல்கிற விதம் மாறும். உம்மா அழுதுகொண்டு சொல்வார், மனைவி மெதுவாகச் சொல்வார், மச்சான் கொஞ்சம் அதட்டலாகச் சொல்வார். கருத்து ஒன்றுதான்: நீ வராதே.

பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் இந்தப் பதிலின் மறுபக்கத்தை வகுப்பறையில் பார்க்கிறோம். அதனால்தான் எழுதுகிறோம். ஊரைத் தேடி அழுகிறவரை “பலவீனம்” என்றும் “பொறுப்பில்லாதவர்” என்றும் பேசும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. அது அநியாயம்.

ஊர் ஞாபகம் என்றால் என்ன என்று முதலில் பேசுவோம். பலர் அதை ஏதோ சாப்பாட்டு ஆசை என்று நினைக்கிறார்கள். “தொதலும் மாசியும் பார்சல் போட்டு விட்டிருக்கோம், சரியாகிடும்” என்கிறார்கள். பார்சல் போனால் சந்தோஷம்தான். ஆனால் அந்த மனிதர் தேடுவது பார்சலில் வராது. நோன்பு மாதம் அசருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு நிற்கும் பிள்ளைகளின் சத்தம், கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் வாசலில் பாய் போட்டுப் படுக்கும் சுகம், கரைவலை இழுத்த மீனைக் கடற்கரையில் பேரம் பேசி வாங்குவது, தெருவில் போகிறவன் எல்லாம் “எங்க போய்ட்டு வாற?” என்று கேட்பது. அங்கே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. டிரைவர், ஹாரிஸ், கத்தாமா என்று வேலையின் பேரால்தான் கூப்பிடுகிறார்கள். பத்து வருடம் தன் பேரை மற்றவர் வாயால் கேட்காமல் இருந்து பார்த்தால் தெரியும் அது என்னவென்று.

“அதுக்குத்தான் போன் இரிக்கே” என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. தோஹாவுக்கும் ரியாத்துக்கும் நமக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அவர் இரவு பதினொரு மணிக்கு வேலை முடித்து அறைக்கு வந்தால் இங்கே நேரம் ஒன்றரை. பிள்ளை தூக்கத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. காலை எட்டு மணிக்கு எழும்பி போனை எடுத்தால் இங்கே பத்தரை, பிள்ளை பாடசாலையில் இருக்கும். பாடசாலை விட்டால் ஜும்ஆ. ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு அழைத்தால் அங்கே அவருக்கு ஜும்ஆ நேரம். சனி, ஞாயிறு பிள்ளைக்கு லீவு, அவருக்கு வேலை. இப்படித்தான் ஒரு வாப்பாவும் பிள்ளையும் ஒரே கிழமைக்குள் ஒருவரை ஒருவர் தவறவிடுகிறார்கள். வீட்டு வேலைக்குப் போன உம்மாமார் பலருக்கு அந்த வெள்ளிக்கிழமையும் இல்லை, போன் கையில் இருக்கும் உரிமையும் இல்லை.

ஊர் ஞாபகத்தை உலகம் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. 1688இல் பாசல் நகரில் மருத்துவம் படித்த யொஹானஸ் ஹோபர் என்பவர் இதைப் பற்றித் தனி ஆய்வே எழுதினார். ஊரை விட்டுத் தூரத்தில் இருந்தவர்கள் சாப்பிடாமல், தூங்காமல், காய்ச்சல் கண்டு மெலிந்துபோவதைப் பார்த்து, கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து அந்த நோய்க்கு ‘நொஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். திரும்பி வருதல், வேதனை என்பவைதான் அந்த இரண்டு சொற்கள். அவர் சொன்ன சிறந்த மருந்து என்ன தெரியுமா? ஊருக்கு அனுப்புவது. முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு மாணவனுக்கு விளங்கியது, நம் ஊரில் எம்.ஏ. படித்தவருக்கும் விளங்குவதில்லை.

“சபுர் செய்யச் சொல்லுங்க, மார்க்கம் அதைத்தானே சொல்லுது” என்று ஒரு கூட்டம் வரும். மார்க்கத்தையே பேசுவோம்.

நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது அந்த ஊரைத் திரும்பிப் பார்த்து, தனக்கு அது எவ்வளவு பிரியமான ஊர் என்பதையும், அந்த மக்கள் வெளியேற்றாவிட்டால் தான் வேறெங்கும் குடியிருக்கமாட்டேன் என்பதையும் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. மதீனாவுக்குப் போன புதிதில் பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் கிடந்தபோது, மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கே முளைக்கும் புல்லையும் நினைத்துக் கவிதை சொன்னார்கள். மக்கா அவரைச் சுடுமணலில் கிடத்திச் சித்திரவதை செய்த ஊர். அந்த ஊரின் புல்லுக்காக அவர் ஏங்கினார். இதைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள் “பலவீனமா இருக்காதே பிலாலே” என்று கண்டிக்கவில்லை. மக்காவை நாம் விரும்புவது போல மதீனாவையும் எங்களுக்கு விருப்பமாக்கு என்று துஆச் செய்தார்கள். ஏக்கத்தை ஏற்றுக்கொண்டபிறகுதான் ஆறுதல் வந்தது. சபுர் என்ற சொல்லை அடுத்தவர் வாயை மூடப் பயன்படுத்த அங்கே இடமே இல்லை.

பயணம் வேதனையின் ஒரு துண்டு என்றும், போன காரியம் முடிந்ததும் ஒருவர் தன் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபிமொழி இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. எத்தனை குத்பாவில் இதைக் கேட்டிருக்கிறீர்கள்? உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு மதீனாவில் நடந்தபோது, போருக்குப் போன கணவனை எண்ணி ஒரு பெண் பாடியதைக் கேட்டதும், தன் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் பிரிவைத் தாங்குவாள் என்று விசாரித்து, அதற்குமேல் படைவீரர்களை வெளியே வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவிட்டதும் வரலாறு. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. ஓர் ஆட்சியாளர் போர் நேரத்தில் வைத்த எல்லை அது. டைல்ஸ் பதிப்பதற்காக நாம் வைக்கும் எல்லை இருபது வருடம்.

நம் சமூகத்துக்கு ஊர் இழப்பு என்றால் தெரியாதா? 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார் உட்பட வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். புத்தளத்தில் முப்பது வருடம் வாழ்ந்து, அங்கேயே பேரப்பிள்ளை கண்டவர்கள் இன்றைக்கும் “எங்கட ஊர்” என்று சொல்வது மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும்தான். அதைக் கேட்டு நாம் கண்கலங்குகிறோம், மேடையில் பேசுகிறோம். அதே ஏக்கம் ஒருவருக்கு வீசா அடித்துப் போன பிறகு வந்தால் மட்டும் “விருப்பப்பட்டுத்தானே போனாய்” என்று கேட்கிறோம்.

விருப்பப்பட்டுத்தான் போனார்களா? இதைத்தான் உடைத்துப் பேச வேண்டும்.

நம் கிழக்குக் கரையில் ஒரு பெண்பிள்ளை பிறந்தால், அவள் பேர் வைப்பதற்கு முன்னமே ஒரு வீட்டின் கணக்கு ஆரம்பித்துவிடுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது நம் வழக்கம். அந்த வீட்டைப் பெண்ணின் பேரில் எழுத வேண்டும். முன்பு அது கிடுகு வேய்ந்த இரண்டு அறையோடு முடிந்தது. இப்போது? சிலப், டைல்ஸ், இணைந்த குளியலறை, மதில், கேட். கல்யாணம் பேச வரும் வீட்டார் பெண்ணை ஐந்து நிமிடம் பார்க்கிறார்கள். வீட்டை அரை மணித்தியாலம் சுற்றிப் பார்க்கிறார்கள். இரண்டு பெண்பிள்ளை என்றால் இரண்டு வீடு. மூன்று என்றால் மூன்று. நெல் வெட்டியும் கடலுக்குப் போயும் கடை வைத்தும் இதைக் கட்ட முடியாதென்று எல்லோருக்கும் தெரியும். முடியாத ஒன்றைக் கட்டாயமாக்கி வைத்துவிட்டு, அதற்காகப் போனவரைப் பார்த்து “நீதானே போனாய்” என்பது என்ன நியாயம்?

ஒப்பந்தத்தை வைத்துக் கணக்குப் பாருங்கள். ஒன்று இரண்டு வருடம். முதல் இரண்டு வருடம் போவதற்கு வாங்கிய கடனுக்குப் போகும். இரண்டாவது அத்திவாரத்துக்கும் சுவருக்கும். மூன்றாவது கூரைக்கு. நான்காவது நிலத்துக்கும் நிறத்துக்கும். ஐந்தாவது நகைக்கும் கல்யாணச் செலவுக்கும். பத்து வருடம். இடையில் நான்கு லீவு. ஒவ்வொன்றும் தாராளமாக இரண்டு மாதம் என்றே வைப்போம். எட்டு மாதம். தரம் 1இல் விட்டுப்போன பிள்ளை தரம் 11இல் சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கும்போது, அந்தப் பிள்ளை தன் வாப்பாவோடு இருந்தது எட்டே மாதம். அதன் பிறகு அடுத்த மகளின் வீடு.

இதில் எல்லாவற்றையும் விடக் கொடுமை என்னவென்றால், ஊரை நினைத்து நினைத்து வீடு கட்டியவர் கடைசியில் திரும்பி வரும்போது அந்த வீட்டில் அவருக்கு இடமில்லை. மகளுக்கு எழுதியாகிவிட்டது, மாப்பிள்ளை வந்தாகிவிட்டது. உம்மாவும் வாப்பாவும் பின்னால் ஒரு சின்ன அறைக்கோ, ஓடு போட்ட பழைய குசினிக்கோ ஒதுங்குகிறார்கள். பத்து வருடம் அடுத்தவர் வீட்டில் மூலையில் படுத்தவர், தன் சொந்தக் காசில் கட்டிய வளவிலும் மூலையில் படுக்கிறார். இதை நாம் ‘கடமையை முடித்துவிட்டார்’ என்று சொல்லிப் பாராட்டுகிறோம்.

குர்ஆன் மஹரைக் கொடுக்கச் சொன்னது ஆணிடம். நம் ஊரில் மஹர் ஓர் ஆயிரம் ரூபாயில் எழுதப்படுகிறது, சீதனம் ஒரு மாடியில் எழுதப்படுகிறது. நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்கூட மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலியைத் திரும்பப் பெற மனைவி காதி நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று வைத்திருக்கிறது. அப்போதே அது பிரச்சினை என்று தெரிந்திருந்தது. எழுபது வருடத்துக்கு மேலாகியும் பள்ளிவாசலில் அதைப் பேச நமக்கு வாய் வருவதில்லை.

இன்னொரு கூட்டம் “பொம்புளைகள் போனதுதான் பிழை” என்று சொல்கிறது. மஹ்ரம் இல்லாமல் போகலாமா என்று கேட்கிறது. சரி, அவள் போகும்போது ஏஜென்சிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்ற நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? அவளின் பிள்ளைக்கு ஒரு மாதம் சோறு போட முன்வந்தவர்கள் எத்தனை பேர்? அவள் அனுப்பிய காசில் பள்ளிவாசலுக்கு மினாரா கட்டும்போது மஹ்ரம் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் அழுகிறாள் என்று தெரிந்த பிறகுதான் எல்லோருக்கும் மார்க்கம் ஞாபகம் வருகிறது.

அந்த அழுகையைப் பற்றி முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் போனில் அழுதால் “பழகினா சரியாகிடும்” என்று வீட்டார் சொல்கிறார்கள். அந்த அழுகை ஊர் ஞாபகமாக இருக்கலாம். சாப்பாடு கொடுக்காததாக இருக்கலாம். சம்பளம் வராததாக இருக்கலாம். அடியாக இருக்கலாம். அதைவிட மோசமானதாகவும் இருக்கலாம். பக்கத்தில் எஜமானி நிற்கும்போது அவள் இதையெல்லாம் எப்படிச் சொல்வாள்? “உம்மா, ஊட்ட ஞாபகமா இரிக்கி” என்று மட்டும்தான் சொல்ல முடியும். எல்லா வேதனையையும் சுமந்து வரும் ஒரே வசனம் அது. அந்த வசனத்துக்குப் பதிலாக “பொறு” என்று சொன்னால், எந்த வேதனை என்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

மூதூர் ரிசானா நபீக்கை மறந்துவிட்டோமா? 2005இல் பதினேழு வயதில், கடவுச்சீட்டில் வயது கூட்டி அனுப்பப்பட்ட பிள்ளை. போய்ச் சில கிழமைகளில் கைதானாள். 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று ஊரெல்லாம் அழுதோம், கூட்டம் போட்டோம். பாடசாலையில் இருக்க வேண்டிய ஒரு பிள்ளையை ஒரு குடும்பத்தின் கடனைச் சுமக்க அனுப்பிய வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

“வர நினைச்சா வரலாம்தானே, யார் பிடிச்சு வச்சிருக்கா?” என்று கேட்பவர்களுக்கு கபாலா முறை பற்றித் தெரியாது. அங்கே வேலை செய்யும் அனுமதி கபீலோடு கட்டப்பட்டது. கட்டாரில் நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி வேண்டும் என்ற விதி பெரும்பாலான தொழிலாளருக்கு 2018இல்தான் நீங்கியது. வீட்டுப் பணியாளருக்கு 2020 ஜனவரியில். சவூதியில் 2021 மார்ச்சில் வந்த தொழில் சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. சட்டம் என்ன சொன்னாலும் பாஸ்போட் யாருடைய அலுமாரியில் இருக்கிறது என்பதுதான் நடைமுறை. இடையில் ஒப்பந்தத்தை முறித்தால் டிக்கட் காசு தலையில் விழும். இதையெல்லாம் தாண்டி வரத் துணிந்தவரைத் தடுக்கும் கடைசிக் கதவு நம் வீட்டுக் கதவாக இருக்கக் கூடாது.

அரசாங்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைத்த நாடு இது. 2020இல் வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பியது 7.1 பில்லியன் டொலர். 2022இல் அது 3.8 பில்லியனுக்கு இறங்கியபோது பெற்றோலுக்கும் கேஸுக்கும் நாம் வரிசையில் நின்றோம். இவர்கள் இல்லாவிட்டால் நாடு என்னவாகும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் தேவையில்லை. ‘ரட்ட விருவோ’ என்று சிங்களத்தில் அவர்களுக்கு வீரர் பட்டம். ஆனால் 2020இல் கொரோனா வந்து கட்டுநாயக்க விமான நிலையம் வருகைக்கு மூடப்பட்டபோது, வேலை இழந்து, அறை இழந்து, ஊருக்கு வரத் துடித்த ஆயிரக்கணக்கான வீரர்கள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். 2024இல் இரண்டு தேர்தல் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க அந்த வீரர்களுக்கு வழியில்லை. 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் போகக் கூடாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டவர்கள், டொலர் வற்றிய 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளைக்குத் தாய் தேவைப்படும் வயது டொலர் விலையோடு கூடிக் குறையும் போல.

அரசாங்கம் காசைப் பார்க்கிறது. அதைத் திட்டுவது இலகு. நாமும் காசைத்தான் பார்க்கிறோம் என்பது கசக்கும்.

லீவில் ஒருவர் வந்து இறங்கினால் ஊர் கேட்கும் முதல் கேள்வி என்ன? “எப்ப வந்த?” என்று தொடங்கி, அடுத்த மூச்சில் “எப்ப போற?” பயணக் களைப்பு இன்னும் தீரவில்லை. பெட்டி இன்னும் திறக்கவில்லை. அதற்குள் அவர் போகும் திகதியைச் சொல்ல வேண்டும். போகவில்லை என்று சொன்னால் முகங்கள் மாறுகின்றன. “கேன்சலா? பிரச்சினையா?” என்று கிசுகிசு. மூன்று மாதம் கழித்து அவர் தேநீர்க்கடையில் இருந்தால் “சும்மா திரியுறார்” என்ற பேச்சு. தன் ஊரிலேயே ஒரு மனிதரை விருந்தாளியாக்கி, விருந்து முடிந்தது என்று சொல்லாமல் சொல்லி, திரும்ப விமானத்தில் ஏற்றுகிறோம். பலர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போவது வறுமையால் மட்டும் அல்ல. ஊரின் இந்தப் பார்வையைத் தாங்க முடியாமலும்தான்.

பாடசாலைப் பக்கம் வாருங்கள். தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு வருவது உம்மம்மா, மாமி, சில வேளை மூத்த ராத்தா. தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் இடும் இடத்தில் பெருவிரல் அடையாளம். ‘எனது வாப்பா’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், போன் திரையில் தெரியும் முகத்தைத் தவிர எழுத விஷயம் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். வாப்பா உயரமா கட்டையா என்று தெரியாது. விமானத்தில் வந்து இறங்கிய உம்மாவிடம் போகாமல் உம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். அந்த உம்மா அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார் என்று கேட்பதில்லை. ஊருக்காக ஏங்கி வந்தவருக்கு ஊரின் முதல் பரிசு தன் பிள்ளையின் பயம்.

“அவங்க வந்தா குடும்பம் எப்படிச் சாப்பிடும்?” இது நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்க மாட்டோம். பலருக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருந்தே ஆக வேண்டும். மருந்துக்கும் கடனுக்கும் படிப்புக்கும் வேறு வழியில்லாத வீடுகள் இருக்கின்றன. போகாதே என்று யாரையும் சொல்லவில்லை. சோற்றுக்காக இருப்பது வேறு, மதிலுக்காக இருப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம். உண்மையான தேவைக்கு ஒரு முடிவு உண்டு. அடுத்த வீட்டைப் பார்த்து வளரும் தேவைக்கு முடிவே இல்லை.

சரி, என்ன செய்வது? கோபப்பட்டால் மட்டும் போதாது.

1. போகும் முன்னமே திரும்பும் திகதியைக் குடும்பமாக இருந்து முடிவு செய்யுங்கள். எதற்காகப் போகிறார், எவ்வளவு சேர்ந்தால் போதும் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தத் தொகை சேர்ந்ததும் “வாங்க” என்று கூப்பிடும் பொறுப்பு ஊரில் இருப்பவருடையது.

2. அனுப்பும் காசில் ஒரு பங்கு அனுப்புகிறவரின் சொந்தப் பேரில் வங்கியில் கிடக்கட்டும். திரும்பி வருகிறவர் கையேந்தாமல் இருக்க வேறு வழியில்லை.

3. போனில் அழுதால் மூன்று கேள்வி கேளுங்கள். சாப்பிட்டாயா? சம்பளம் கையில் கிடைத்ததா? பாஸ்போட் யாரிடம் இருக்கிறது? பக்கத்தில் ஆள் இருந்தால் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லப் பழக்கி அனுப்புங்கள். பதில் பிழையாக இருந்தால் ஏஜென்சியின் சமாதானத்தோடு நிற்காமல் பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போங்கள், பணியகத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

4. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் வாயைத் திறக்க வேண்டும். நிகாஹ் எழுத வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம், இந்த வீட்டைக் கட்டியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒரு முறை கேளுங்கள். பெண்ணின் வாப்பா வெளிநாட்டில் இருந்து போனில் நிகாஹ் கேட்கிற நிலைமையை வாழ்த்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

5. வாலிபர்களே, நீங்கள் உழைத்து வாடகை வீட்டில் குடும்பம் தொடங்குவதில் அவமானம் இல்லை. மாமனாரின் இருபது வருடத்தில் குடியேறுவதில்தான் யோசிக்க விஷயம் இருக்கிறது.

6. கூட்டு ஸகாத் சேர்க்கும் ஊர்களில், திரும்பி வந்தவர் ஸகாத் பெறத் தகுதியானவராக இருந்தால், தையல் இயந்திரமோ முச்சக்கரவண்டியோ சின்னக் கடையோ தொடங்க உதவுங்கள். அரிசிப் பையோடு முடித்துவிடாதீர்கள்.

7. பாடசாலைகளில் பெற்றோர் கூட்டத்தின்போது வெளிநாட்டில் இருக்கும் வாப்பா, உம்மாவோடு வட்ஸ்அப்பில் பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யலாம். அதை ஆசிரியர்களாகிய நாங்கள் செய்வோம். பிள்ளையின் கணிதப் புள்ளியைத் தெரிந்துகொள்வதும் ஊரோடு இருக்கும் ஓர் உறவுதான்.

8. லீவில் வந்தவரிடம் “எப்ப போறீங்க?” என்று கேட்காதீர்கள். இதற்குக் காசு செலவில்லை. இன்றிலிருந்தே தொடங்கலாம்.

இந்தப் பதிவுக்கு வரப்போகும் கருத்துகள் எங்களுக்குத் தெரியும். “மாஸ்டர்மாருக்கு மாதம் முடிய அரசாங்கச் சம்பளம் வருது, பேசலாம்” என்பார்கள். வரட்டும். சம்பளத்தோடு சேர்த்து அந்தப் பிள்ளைகளையும் ஒவ்வொரு நாள் காலையும் எங்களிடம்தான் அனுப்புகிறீர்கள். முதலாம் பாடத்தில் மேசையில் தலை வைத்துப் படுக்கும் பிள்ளை இரவு ஒன்றரை மணிவரை எதற்காக விழித்திருந்தது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் பேசுவோம்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, ஊரை நினைத்து அழுவதற்கு வெட்கப்படாதீர்கள். பிலால் (ரலி) அழுத அழுகை அது. உங்களால் வர முடிகிற நாளில் வாருங்கள். வெறுங்கையோடு வந்தாலும் வாருங்கள். “ஏன் வந்தீங்க?” என்று கேட்கும் வாய்களுக்குப் பதில் சொல்ல ஊரில் நாலு பேராவது இருப்போம்.

யா அல்லாஹ், தூரத்தில் இருப்பவர்களை அவர்களின் பிள்ளைகள் அடையாளம் காணும் வயதிலேயே ஊர் சேர்ப்பாயாக. அங்கேயே மௌத்தாகி, தன் ஊர் மையவாடியின் மண் கிடைக்காமல் போனவர்களின் கப்றுகளை விசாலமாக்குவாயாக. ஆமீன்.

சரி என்று பட்டால் உங்கள் குடும்பக் குழுமத்தில் பகிருங்கள். பிழை என்று பட்டால் கீழே எழுதுங்கள், பேசுவோம். எதுவானாலும் இன்றிரவு அங்கிருந்து அழைப்பு வரும்போது காசைப் பற்றிப் பேசும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: “எப்ப வாறீங்க?”